ரைட்டர் கோப்பு விக்கியில் ஏறுவது எப்படி?

எழுத்தின் அளவைப் பார்த்துத் தலைப்பு எதுவென்று விக்கி கண்டுகொள்வதில்லை. அது குறியீடுகளையே படிக்கிறது. அதனால் லிப்ரெஆபிஸ் ரைட்டர் கோப்பை விக்கியின் மூலத் தொகுப்புப் பெட்டியில் ஒட்டினால் வடிவம் உதிர்ந்துவிடும். லிப்ரெஆபிஸின் 'விக்கி பப்ளிஷர்' நீட்சி, ஜாவா துணையுடன், அந்தக் குறியீடுகளைத் தானே இடுகிறது.

எடுத்துக்காட்டாக, பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் பற்றிய கட்டுரையில் 'மதுரைத் தமிழ்ச் சங்கம், 1901' என்ற வரிக்குத் தலைப்புப் பாணி கொடுத்திருந்தால், இருபுறமும் சமக்குறிகள் சேர்ந்து விக்கித் தலைப்பாகும். வெறுமனே பெரிதாக்கித் தடிப்பாக்கிய வரியோ தடித்த வரியாகவே போகும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். அடிக்குறிப்புகள் மேற்கோள் சுட்டும் குறியீடுகளாகும். படங்கள் ஏறா, தனியே பதிவேற்ற வேண்டும்.

பழைய டிடிபி எழுத்துருவில் தட்டிய தமிழை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இல்லையேல் விக்கியில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.