ஏழு நாளில் ஏழு கோலம்! சிம்லா மலையில் குளிர்காலம்

டில்லியில் ஸ்வெட்டரும் மப்ளருமாக அலுவலகம் போய்வரும் தமிழர்களுக்கு ஜனவரி மாதத்தில் ஓர் ஆசை பிறக்கும். ஒரு தடவையாவது பனி கொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அது. இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், காஷ்மீரி கேட்டில் சிம்லா பஸ் ஏறிவிடுகிறார்கள்.

சிலருக்குப் பனி கிடைக்கிறது. சிலர் வெறும் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இன்னும் சிலர் வழியில் மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை ஆபீசுக்கு வர முடியாமல் தவிக்கிறார்கள். "மலைச் சீமையின் வானத்தை நம்பவே முடியாது" என்று வந்தபின் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

மலைவாசிகள் அப்படி நினைப்பதில்லை. அந்த மாற்றங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அதைத் தெரிந்துகொள்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல. உயிருக்கும் அது உதவும்.

எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கே வங்கக் கடலிலிருந்து வருகிறது. இமயமலையின் குளிர்கால மழை நேர்மாறாக மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றுச் சுழற்சி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வந்து இமயமலையில் மோதுகிறது. இந்தி வானொலிச் செய்தியில் அடிக்கடி காதில் விழும் "பஸ்சிமி விக்ஷோப்" இதுதான். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து முறை இப்படி வருவதுண்டு. ஆகவே ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று! மலையில் வாரம் முழுவதும் வானம் மாறிக்கொண்டே இருப்பதன் ரகசியம் இதுவே.

வாரத்தின் வரிசை

முதல் நாள் பளீரென்ற வெயில். இரண்டாம் நாள் பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல் மிக உயரத்தில் மெல்லிய மேகம். சில சமயம் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம். அன்று இரவு குளிர் சற்றுக் குறையும். புதிதாக வந்தவர்கள் "குளிர் விட்டுவிட்டது" என்று மகிழ்வார்கள். உள்ளூர்க்காரர்களோ விறகை எடுத்து உள்ளே அடுக்குவார்கள்!

மூன்றாம் நாள் மேகம் தடித்து, தூறல் தொடங்கும். நான்காம் நாள் அது மழையா, பனியா? அதை முடிவு செய்வது உயரம்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் கால்காவில் மழை பெய்யும். 1,500 மீட்டரை ஒட்டியுள்ள சோலனில் பல்லைக் கிட்டவைக்கும் மழை. 2,700 மீட்டர் உயரத்துக் குப்ரியில் பனி. நடுவே சுமார் 2,200 மீட்டரில் இருக்கும் சிம்லா எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓரிரு டிகிரி வித்தியாசத்தில் அங்கே மழை பனியாகும், பனி மழையாகும்.

ஐந்தாம் நாள் மேகம் கலையும். மரம், கூரை, ரோடு எல்லாம் வெள்ளை. ஆறாம் நாள் நீல வானம். வாரத்திலேயே கடுங்குளிர் அன்றுதான். மேகம் பூமிக்குக் கம்பளி போன்றது. கம்பளியை விலக்கியதும் நிலத்தின் சூடு இரவில் வானத்துக்குப் போய்விடுகிறது. குழாய்த் தண்ணீர் உறைகிறது. ஏழாம் நாள் பகலில் உருகும் பனி ரோட்டில் வழிந்து, இரவில் கண்ணாடியாக இறுகுகிறது.

அதே நாட்களில் டில்லியையும் பனிமூட்டம் மூடிக்கொள்ளும். மழை விட்டுச் சென்ற ஈரமும், தெளிந்த வானமும், அசையாத காற்றும் சேர்ந்த விளைவு அது. ஸ்டேஷனில் ரெயிலுக்குக் காத்துக் கிடப்பவரும், சிம்லாவில் வழுக்கி விழுபவரும் ஒரே மேகத்தின் கைவரிசைக்கு ஆளானவர்கள்தான்!

ஒரே சொல் பனி

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் பக்கத்துப் பழமொழி. காலையில் புல்லில் நிற்கும் துளியும் நமக்குப் பனி, மூடுவதும் பனி, உறைவதும் பனி, கொட்டுவதும் பனி. வடக்கே துளிக்கு ஓஸ், மூட்டத்துக்குக் கோஹ்ரா, உறைபனிக்குப் பாலா, கொட்டும் பனிக்கு பர்ப் என்று நான்கு சொற்கள். மலைவாசி பர்ப்புக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அவன் பயப்படுவது பாலாவுக்கு. பர்ப் கண்ணுக்குத் தெரியும். ரோட்டில் இறுகிய பாலா தெரியாது. வெயில் படாத வடக்குச் சரிவு வளைவுகளில் மத்தியானம் வரையிலும் அது உருகாது.

ஆப்பிளின் வயிறு

நமக்கு வேடிக்கையாக இருக்கும் பனி, அங்குள்ள விவசாயிக்குச் சோறு. 1916-ம் ஆண்டு சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கோட்கட் பகுதியில் டெலிஷியஸ் ரக ஆப்பிளை நட்டார். பின்னர் அவர் சத்யானந்த் ஆனார். இன்று அந்த மலைகளின் பிழைப்பே ஆப்பிள்தான். 7 டிகிரிக்குக் கீழான குளிரில் நூற்றுக்கணக்கான மணி நேரம் உறங்கினால்தான் அந்த மரம் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். மழை ஓடிவிடும். பனியோ மெல்ல உருகி வேருக்கு இறங்கும். குளிர் குறைந்துவருவதால் ஆப்பிள் தோட்டங்கள் மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. பனி பொய்த்தால் அங்கே முகங்கள் வாடுவது இதனால்தான்.

மர்ரி தந்த பாடம்

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி என்ற மலை நகரில் பனி பார்க்கப் போன கூட்டம் இரவில் கார்களோடு சிக்கியது. 20-க்கும் மேற்பட்டோர் கார்களுக்குள்ளேயே மாண்டனர். குளிர் மட்டும் காரணம் அல்ல. பனியில் புதைந்த காரின் என்ஜினை ஓட விட்டால், வெளியேற வழியின்றி விஷப்புகை உள்ளே வருகிறது. மர்ரியும் சிம்லாவும் ஏறக்குறைய ஒரே உயரம்.

சாத்திய அறைக்குள் கரி அங்கீட்டியை மூட்டிவிட்டுத் தூங்குவதும் இதே ஆபத்துதான். மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, டில்லியில் ஒற்றை அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

வானிலை இலாகா "பஸ்சிமி விக்ஷோப்" என்று அறிவித்தால், பனி கொட்டும் நாளில் பஸ் ஏற வேண்டாம். அதற்கு முன்பே போய்த் தங்கிவிடலாம். அல்லது ரோட்டைத் திறந்துவிட்டார்கள் என்று கேட்டறிந்தபின் புறப்படலாம். திரும்பும் பயணத்தை விடியற்காலையில் வைக்காமல், வெயில் ரோட்டைத் தொட்டபின் முன்பகலில் தொடங்கி இருட்டுமுன் கால்காவில் இறங்கிவிட வேண்டும். கையில் ஒரு நாள் லீவை மிச்சம் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. மலை தன் வரிசையை மாற்றிக்கொள்ளாது. லீவுச் சீட்டைத்தான் மாற்றி எழுத முடியும்.