சமணர் மலை ஒளிப்படங்களும் தானியங்கிப் பதிவேற்றமும்

கணினிக் குறிப்பேட்டிலிருந்து படங்களைத் தானியங்கியாகப் பதிவேற்றல் என்பது, ஜூப்பிட்டர் நோட்புக் போன்ற ஏட்டில் எழுதப்பட்ட சிறு நிரலின் துணையுடன் பல படங்களை விளக்கக் குறிப்புகளோடு வரிசையாக இணையத்தில் ஏற்றும் முறையாகும். விக்கிமீடியா பொதுவகத்தில் தொல்லியல் இடங்களின் படங்களைச் சேர்க்க இம்முறை பயன்படுகிறது. மதுரைக்கு மேற்கே உள்ள கீழக்குயில்குடியின் சமணர் மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

இடம்

கீழக்குயில்குடி ஐயனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் அடுத்துச் சமணர் மலை எழுகிறது. மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகையும், மற்றொரு பக்கத்தில் பேச்சிப்பள்ளம் என்னும் சுனைப்பகுதியும் உள்ளன. பேச்சிப்பள்ளத்தில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் உருவங்களும் அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. இவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

ஒரே நாளில் இங்கு நூறு படங்கள் எடுத்துவிடலாம். ஒவ்வொன்றையும் கையால் ஏற்றினால் தலைப்பு, விளக்கம், நாள், உரிமம், பகுப்பு ஆகியவற்றை நூறு முறை எழுத வேண்டும்.

குறிப்பேடும் கருவிகளும்

ஜூப்பிட்டர் திட்டம் 2014-இல் ஐபைத்தான் திட்டத்திலிருந்து பிரிந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் என்னும் மூன்று நிரல் மொழிகளை அதன் பெயர் நினைவூட்டுகிறது. இதன் ஏட்டில் விளக்கவுரை, நிரல், விடை ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் கட்டங்கட்டமாக அமையும். கணக்கு நோட்டில் வழியும் விடையும் சேர்ந்திருப்பதைப் போன்றது இது. பிறர் அதைப் படித்துச் சரிபார்க்கலாம்.

விக்கிமீடியா நிறுவனம் பாவ்ஸ் என்னும் பெயரில் இத்தகைய ஏட்டை இலவசமாக வழங்குகிறது. விக்கிப்பீடியா பயனர் கணக்கைக் கொண்டே உள்நுழையலாம். படங்களை ஏற்றும் பைவிக்கிபாட் என்னும் பைத்தான் நிரல் தொகுப்பு அதில் முன்பே நிறுவப்பட்டிருக்கும். பாவ்ஸில் உள்ள ஏடுகளை எவரும் பார்க்க முடியும் என்பதால் கடவுச்சொற்களை அங்கே எழுதி வைக்கக்கூடாது.

செயல்முறை

1. படங்களை ஒரு கோப்புறையில் வைத்து, விரிதாள் ஒன்றில் படத்திற்கு ஒரு வரி வீதம் எழுத வேண்டும். கோப்பின் பெயர், சிற்பத்தின் பெயர், இடம், நாள், பகுப்பு ஆகியவை தனித்தனி நிரலில் அமையும்.

2. நிரல் அந்த வரியைப் படித்து, பொதுவகத்தின் விளக்க வார்ப்புருவை நிரப்பும்.

3. பின்னர் அது பொதுவகத்தின் நிரலிடைமுகத்திற்குப் படத்தையும் விளக்கத்தையும் அனுப்பும். வழங்கியிலிருந்து வெற்றி அல்லது எச்சரிக்கை என்று மறுமொழி வரும்.

4. அம்மறுமொழியை விரிதாளில் பதிந்துகொண்டால், இணைப்பு இடையில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கோப்புப் பெயர் 240 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுகின்றன. ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறும். எனவே தமிழ்ப் பெயருக்கு ஏறத்தாழ 80 குறிகளே கிடைக்கும். கேமரா தானாக இடும் எண்மட்டுமே கொண்ட பெயர்களைப் பொதுவகம் ஏற்பதில்லை.

பிழை பெருகும் விதம்

கையால் ஏற்றும்போது நேரும் தவறு ஒரு படத்தோடு நின்றுவிடும். நிரலில் நேரும் தவறோ நூறு படங்களிலும் ஏறும். தீர்த்தங்கரர் உருவங்களைப் புத்தர் எனக் கருதுவது பொதுவாகக் காணப்படும் தவறு. பாம்புப் படத்தின் கீழ் நிற்பவர் பார்சுவநாதர், கால்களில் கொடி படர நிற்பவர் பாகுபலி என்று அறியாமல் விரிதாளில் ஒரே பெயரைக் கீழே இழுத்து நிரப்பினால், பேச்சிப்பள்ளம் முழுவதும் தவறான பகுப்பில் சேர்ந்துவிடும். அப்படங்களைப் பிற கட்டுரைகள் எடுத்தாளும்போது தவறு மேலும் பரவும்.

நாளும் இவ்வாறே. கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் எல்லாப் படங்களின் நாளும் தவறாகும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில், எடுத்த நாளும் இடமும் பற்றிய உட்குறிப்பு நீங்கிவிடும்.

அதே பெயரில் ஒரு படம் முன்பே இருந்தால் பொதுவகம் எச்சரிக்கும். எச்சரிக்கையைப் பொருட்படுத்தாதே என நிரலில் கட்டளையிட்டால், பிறர் ஏற்றிய படத்தின் மேல் புதியது அமர்ந்துவிடக்கூடும். பைட்டுக்கு பைட் ஒத்த நகலை வழங்கி கண்டுபிடிக்கும். அளவு மாற்றிச் சேமித்த நகல் அதற்குத் தெரியாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

முதலில் மூன்று படங்களை மட்டும் ஏற்றி, அவற்றின் பக்கங்களைத் திறந்து படித்துப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடங்க வேண்டும். பிறர் எடுத்த படமாயின் அவருடைய இசைவும் உரிமமும் தேவை. சிற்பம் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையதாயினும் ஒளிப்படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. பெருமளவில் தொடர்ந்து ஏற்றுவோர் தனித் தானியங்கிக் கணக்கிற்குப் பொதுவகச் சமூகத்தின் ஒப்புதல் பெறுவது முறை.

பயன்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்புடன் நாட்டுடைமை நூல்களின் மின்வருடல்கள் தமிழ் விக்கிமூலத்திற்காகப் பொதுவகத்தில் ஏற்றப்பட்டன. அத்தகைய பெருந்தொகுப்பு வேலைக்கு நிரல்வழிப் பதிவேற்றமே ஏற்றது.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் சில கல்லுடைப்பால் சிதைந்துள்ளன. எஞ்சியவற்றில் எழுத்துகள் வெயிலிலும் மழையிலும் தேய்கின்றன. பார்வையாளர்கள் பெயர் கீறுவதும் உண்டு. ஒரு கல்வெட்டின் எழுத்து எப்போது வரை தெளிவாக இருந்தது என்பதற்கு நாளும் இடமும் சரியாகக் குறித்த படமே சான்றாகும். நூறு படங்களை ஒரு மணி நேரத்தில் ஏற்ற நிரலால் முடியும். எந்தப் படம் எந்தச் சிற்பம் என்பதை விரிதாளில் எழுதும் வேலை மட்டும் மலையேறிப் பார்த்தவருடையது.