ஒளிப்பட அச்சுப்பொறியின் நிற அமைப்புகள்

ஒளிப்பட அச்சுப்பொறியின் நிற அமைப்புகள் என்பவை, திரையில் காணும் நிறங்கள் தாளிலும் இயன்றவரை அவ்வாறே வருவதற்காகச் செய்யப்படும் தேர்வுகள் ஆகும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறி சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கொண்டு நிறம் உண்டாக்குகிறது. ஆகவே இரண்டும் முழுதும் ஒத்திருப்பதில்லை.

தொடக்க அமைப்பு

1. மைத்துளைச் சோதனைப் பக்கத்தை அச்சிட்டு, எல்லா நிறக் கோடுகளும் விடுபடாமல் வருகின்றனவா எனப் பார்க்க வேண்டும்.
2. பளபளப்புத் தாளா, மேட் தாளா என்பதைச் சரியாகத் தெரிவு செய்ய வேண்டும். எவ்வளவு மை இடுவது என்பது இதைப் பொறுத்ததே.
3. படம் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் இருப்பது தொடக்கநிலையினருக்கு எளிது. இது 1996இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்மொழிந்த பொது நிறவெளி.
4. நிற மேலாண்மையை அச்சுப்பொறி மென்பொருள், படத்தொகுப்பு மென்பொருள் ஆகியவற்றுள் ஒன்றிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். இரண்டும் திருத்தினால் ஒரே படம் இருமுறை திருத்தப்பட்டு, முகங்களின் நிறம் மாறிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

சோதித்தல்

அச்சு இருண்டு வந்தால், முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம். மையும் தாளும் வீணாகாதிருக்க, சிறிய தாளில் சோதிப்பது நன்று. ஒரு முறைக்கு ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, அதைத் தாளின் பின்புறம் குறித்துக்கொள்ள வேண்டும். மை உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டால், எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெளிவாகும்.