கப்பலில் ஒரு சமையல் மன்னர்! கூடுதல் பணம் கொடுத்துப் போகலாமா?

கப்பல் என்றால், முன்பெல்லாம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்குத்தான். இப்போது மேல்நாடுகளில் சமையலைப் பார்ப்பதற்கென்றே சிலர் கப்பல் ஏறுகிறார்கள்!

ஆம். டெலிவிஷனில் சமைத்துக் காட்டிப் பேர் வாங்கிய ஒருவர், அந்தக் கப்பலில் வருகிறார். பயணிகள் முன்னால் சமைத்துக் காட்டுகிறார். அவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, சிலரைச் சந்தைக்கு அழைத்துப் போய், நல்ல மீன் எது, நல்ல காய் எது என்று காட்டுவதும் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம்? கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா?

ஒரு தம்பதி

இங்கிலாந்தில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி 40 ஆண்டுகள் வீட்டுக்குச் சமைத்துப் போட்டவர். பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போய்விட்டார்கள்.

மாலை நேரத்தில் அந்த அம்மாள் டெலிவிஷனில் சமையல் நிகழ்ச்சி பார்ப்பார். பார்த்ததைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார். அவருக்கு ஓர் ஆசை.

"எனக்குப் புதுக் கோட்டு வேண்டாம். வேறு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் நின்று சமைக்க வேண்டும்" என்கிறார்.

கணவர் பாங்குக் கணக்கைப் பார்க்கிறார். சேர்த்து வைத்திருப்பது கொஞ்சம்தான். செலவழித்தால் திரும்பி வராது. இல்லை என்று சொல்லவும் மனம் இல்லை.

அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

இது புது வழக்கம் அல்ல

பேர் பெற்றவர்களின் சாப்பாட்டைக் கப்பலில் விற்பது, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம்.

1905-ல் ஜெர்மன் கம்பெனி ஒன்று "அமெரிக்கா" என்ற கப்பலை விட்டது. பாரிஸ், லண்டன் நகரங்களில் ஓட்டல் நடத்திப் புகழ் பெற்ற சீசர் ரிட்ஸ் என்பவரின் பெயரில், அந்தக் கப்பலில் ஓர் உணவகம் இருந்தது. பிரெஞ்சுச் சமையலின் தலைவர் என்று போற்றப்பட்ட எஸ்கோஃபியே அதற்கு வழி காட்டினார்.

1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அதிலும் முதல் வகுப்புப் பயணிகளுக்கு ஒரு தனி உணவகம் இருந்தது. லண்டனில் உணவகம் நடத்திய லூய்ஜி கட்டி அதை நடத்தினார். அங்கே சாப்பிட்டால் தனிப் பணம். ஆனால் எல்லா வேளையும் அங்கேயே சாப்பிடுகிறவர்களுக்கு டிக்கெட்டில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

இன்றைய உல்லாசக் கப்பல்களில் பொதுவாக அந்தத் தள்ளுபடி கிடையாது. பொதுச் சாப்பாட்டுக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்குகிறோம். நிபுணரின் பெயர் போட்ட தனி உணவகத்துக்குப் போனால், பல கப்பல்களில் மறுபடியும் பணம்.

ஒரே வயிற்றுக்கு இரண்டு கட்டணம்!

பெயர் வேறு, ஆள் வேறு

ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் சமையல் நிபுணரின் பெயர் இருக்கலாம். ஆள் இருக்கமாட்டார்!

2010-ல் இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி "அசூரா" என்ற கப்பலை விட்டது. அதில் "சிந்து" என்று ஓர் இந்திய உணவகம். அதன் உணவு வகைகளை வகுத்துக் கொடுத்தவர் அதுல் கோச்சர். இவர் நம் நாட்டு ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர். 2001-ல் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியவர்.

மிஷ்லின் என்பது பிரான்சில் மோட்டார் டயர் செய்யும் கம்பெனி. அது வெளியிடும் வழிகாட்டிப் புத்தகத்தில் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள். 3 நட்சத்திரமே மிக உயர்ந்தது.

2015-ல் அதே கம்பெனி "பிரிட்டானியா" என்ற பெரிய கப்பலை விட்டது. எலிசபெத் ராணியே வந்து அதற்குப் பெயர் சூட்டினார். அது 3,600 பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல். அதிலும் சிந்து உணவகம் வந்தது. பயணிகள் சமையல் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பறையும் கட்டினார்கள்.

நிபுணர் உணவு வகைகளை எழுதிக் கொடுப்பார். கப்பல் சமையல்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். பிறகு தம் ஊரில் தம் வேலையைப் பார்ப்பார். நாள்தோறும் நெருப்பின் முன்னால் நிற்பவர்கள் கப்பல் ஊழியர்கள். அவர்களில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் ஏராளம்.

அவர்கள் சமைப்பது மட்டமா? இல்லை. நன்றாகவே இருக்கலாம். ஆனால் அது அவர்கள் கைப்பக்குவம். பெயர்ப்பலகையில் உள்ளவரின் கை அல்ல.

நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்

இங்கே ஒரு சுவையான செய்தி.

மார்கோ பியர் ஒயிட் என்பவர் இங்கிலாந்துக்காரர். 1995-ல், தம் 33-வது வயதில், 3 மிஷ்லின் நட்சத்திரம் பெற்றார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அதைப் பெற்றதில்லை.

1999-ல் அவர் நட்சத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்!

ஏன்? பெரிய விலை வாங்க வேண்டுமானால் தானே அடுப்பின் முன் நிற்க வேண்டும். நில்லாமல் விலை மட்டும் வாங்கினால் அது பொய்யான வாழ்க்கை. இதுதான் அவர் சொன்ன காரணம்.

பின்னால் அதே மார்கோ, பி அண்ட் ஓ கப்பல்களின் விருந்து இரவுகளுக்கு உணவு வகைகளை வகுத்துக் கொடுத்தார். பிரிட்டானியாவில் அந்த விருந்து, டிக்கெட் விலையிலேயே அடங்கியதாக இருந்தது. தனிப் பணம் இல்லை.

இதில் நமக்குப் பாடம் உண்டு. ஆள் நின்று சமைத்தால் ஒரு விலை. பெயர் மட்டும் இருந்தால் வேறு விலை.

கழித்துப் பாருங்கள்

சரி, அந்தத் தம்பதிக்கு வருவோம்.

அவர்கள் பார்த்த விளம்பரத்தில் ஒரு வாரப் பயணத்துக்கு ஆளுக்கு 1,250 பவுண்டு என்று இருக்கிறது என்போம். இரண்டு பேருக்கு 2,500 பவுண்டு. கணவர் திகைத்துப் போகிறார்.

திகைக்க வேண்டாம். 2,500 பவுண்டும் சமையல் நிபுணருக்கான விலை அல்ல. அறை, பொதுச் சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, நாடகம், ஊர் ஊராகப் போவது எல்லாம் அதில் அடக்கம்.

அதே கப்பல், அதே வழியில், நிபுணர் வராத வாரத்தில் என்ன கட்டணம் என்று விசாரிக்க வேண்டும். ஆளுக்கு 1,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிபுணருக்கான விலை, ஆளுக்கு 250 பவுண்டு. இருவருக்கும் சேர்த்து 500 பவுண்டு.

இந்த 500 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு வாரங்களும் ஒரே பருவத்தில் இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் கட்டணம் தானாகவே ஏறும். அதை நிபுணர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

டிக்கெட்டோடு செலவு முடிவதில்லை. மது வகைகளுக்குப் பெரும்பாலும் தனிப் பணம். கரையில் சுற்றிப் பார்க்கத் தனிப் பணம். பல கம்பெனிகள் ஊழியர் இனாம் என்று நாள்தோறும் ஒரு தொகையைக் கணக்கில் ஏற்றும்.

சமையல் வகுப்புக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. இடமும் குறைவு. ஆயிரக்கணக்கில் பயணிகள் இருந்தாலும், வகுப்பறையில் அடுப்புகள் சிலவே. நிபுணர் வரும் வாரத்தில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இடம் கிடைக்காதவர்கள் எங்கே உட்காருவார்கள்? பெரிய அரங்கில், தூரத்தில். அங்கிருந்து பார்ப்பதும் வீட்டு டெலிவிஷனில் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்!

தனியாகப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கு. ஒருவரே தங்கினால் கூடுதலாகக் கேட்பார்கள். சில கப்பல்களில் இரட்டிப்பாகவும் ஆகும்.

சின்ன எழுத்தையும் படியுங்கள்

விளம்பரத்தில் நிபுணரின் படம் பெரிதாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில், "வருகிறவர் மாறலாம்" என்று இருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம். வேறு வேலை வரலாம். அவர் வராவிட்டாலும் கப்பல் புறப்படும். கொடுத்த பணம் திரும்பாது.

ஆகவே பணம் கட்டுமுன் இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. நிபுணர் நேரில் வருகிறாரா? பெயர் மட்டுமா?

2. பயணம் முழுவதும் இருப்பாரா? நடுவில் இறங்கிவிடுவாரா?

3. அவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

4. வகுப்பில் எனக்கு இடம் உண்டா? அதை எழுதிக் கொடுப்பீர்களா?

5. டிக்கெட்டில் அடங்காதவை எவை? மொத்தம் எவ்வளவு ஆகும்?

யாருக்குத் தகும்?

படம் எடுத்துக்கொள்ள மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கு இது தகாது. ஒரு நொடிப் படத்துக்கு அது பெரிய விலை.

அவர் சமைத்ததைச் சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கும் தகாது. அவருடைய உணவகம் கரையிலேயே இருந்தால், ஒரு நாள் அங்கே போய் வரலாம். செலவு குறைவு.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குத் தகலாம். அதுவும், எப்படியும் கப்பலில் போகத் தீர்மானித்து, வகுப்பில் இடமும் உறுதியானால்!

அந்த அம்மாளின் ஆசை பக்கத்தில் நின்று சமைப்பது. வகுப்பில் இடம் உண்டு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால், 40 ஆண்டு சமைத்த கைக்கு அந்த 500 பவுண்டு அதிகம் அல்ல. கணவர் சந்தோஷமாகக் கட்டலாம்.

எழுதிக் கொடுக்காவிட்டால்? சாதாரண வாரத்தில் போகட்டும். கப்பல் ஆசிரியரிடமே ஒரு வகுப்பு படிக்கட்டும். ஓர் இரவு இருவரும் தனி உணவகத்தில் சாப்பிடட்டும். மீதிப் பணம் பாங்கில் இருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, கற்றதை வீட்டில் ஒரு நாள் சமைக்கட்டும். பிள்ளைகளையும் பேரக் குழந்தைகளையும் சாப்பிடக் கூப்பிடட்டும்.

அந்தச் சாப்பாட்டில் யாருடைய பெயரும் போட்டிருக்காது. ஆனால் சமைத்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்!