இரவல் கூந்தலின் சுமை

முகூர்த்த நாளன்று கடையம் நித்தியகல்யாணி அம்மன் கோயில் பக்கம் சென்றால், மணப்பெண்ணின் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்குவதைக் காணலாம். நேற்று வரை தோளளவு இருந்த கூந்தல் ஒரே இரவில் இவ்வளவு நீளம் வளர்ந்துவிட்டதா? வளரவில்லை. தலைமுடி மாதம் ஒன்றுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். தோளிலிருந்து இடுப்புவரை எட்ட ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதபோது நாம் கூந்தலை இரவல் வாங்குகிறோம். சவுரி என்பது அந்த இரவல் கூந்தல்தான்.

சவுரி நமக்குப் புதிதன்று. திருமணத்திலும் பரதநாட்டிய மேடையிலும் சவுரியும் குஞ்சலமும் ஜடைநாகமும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன. புதிதாக வந்திருப்பது வேறொன்று. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கழற்றாமலே தலையில் ஒட்டியோ தைத்தோ வைத்துக்கொள்ளும் நீட்டிப்பு முடிதான் அது. திரைநடிகைகளின் கூந்தலைப் பார்த்து அழகு நிலையங்களில் இதனைப் பொருத்திக்கொள்வோர் பெருகி வருகின்றனர். பார்வைக்குச் சவுரியும் நீட்டிப்பு முடியும் ஒன்றுதான். ஆனால் மயிர்க்காலுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று பார்ப்போம்.

நட்சத்திரங்களும் நாமும்

திரையில் கண்ட தலையலங்காரத்தைத் தம் தலையில் செய்து பார்க்கும் ஆசை மிகப் பழையது. 1930களிலும் 40களிலும் எம்.கே. தியாகராஜ பாகவதர் தோள்வரை முடி வளர்த்திருந்தார். 1944இல் வெளிவந்த அவருடைய 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அக்காலத்தில் 'பாகவதர் கிராப்பு' வைத்துக்கொண்டார்கள். 1960இல் 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படத்தில் நடிகை சாதனா நெற்றியில் முடியைக் கத்தரித்துத் தொங்கவிட்டார். ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னைப் பின்பற்றிச் செய்தது அது. அகன்ற நெற்றியை மறைப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாடு 'சாதனா கட்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது.

இந்த இரண்டு நாகரிகங்களாலும் யாருக்கும் முடி போகவில்லை. ஒன்று முடியை வளர்ப்பது, மற்றொன்று வெட்டுவது. இரண்டிலும் வேருக்கு வேலையே இல்லை. இன்று நாம் திரையில் காணும் நீண்ட கூந்தலில் பெரும்பகுதி படப்பிடிப்புக்காகப் பொருத்தப்பட்டு, வேலை முடிந்ததும் கழற்றப்படுவது. கழற்றும் காட்சி படத்தில் வருவதில்லை. ஆகவே, நாளெல்லாம் அப்படியே இருப்பது போல நாம் எண்ணிக்கொள்கிறோம். நட்சத்திரங்களுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. நீட்டிப்பு முடியால் தம் சொந்த முடியை இழக்க நேர்ந்ததாக இங்கிலாந்தின் புகழ்பெற்ற மாடல் நயோமி கேம்பல் தாமே பேட்டியில் கூறியிருக்கிறார்.

உயிரில்லாத இழை, உயிருள்ள வேர்

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. வெளியே தெரியும் இழைக்கு உயிர் கிடையாது. அது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும் மாட்டுக் கொம்பும் இதே வகைப் புரதம்தான். இழையின் மேற்புறத்தில் வீட்டுக் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்கள் உள்ளன. அவற்றின் நுனிகள் யாவும் முடியின் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். ஒரு முடியை இரு விரல்களுக்கிடையே பிடித்து வேரிலிருந்து நுனிக்கும், பின்பு நுனியிலிருந்து வேருக்கும் உருவிப் பாருங்கள். முன்னது வழுக்கிச் செல்லும். பின்னது சற்றுச் சொரசொரக்கும்.

சீப்பில் சேரும் சிக்குமுடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். அதிலிருந்து செய்த சவுரி எளிதில் சிக்காவதற்குக் காரணம் எதிரெதிரான செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே. பழநியிலும் திருமலையிலும் காணிக்கையாக இறக்கும் முடியை வேர்ப்பக்கம் மாறாமல் கட்டிவைக்க முடிகிறது. ஆகையால் வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு விலை அதிகம்.

இழைக்கு உயிரில்லை என்றோம். உயிர் இருப்பது தோலுக்குள், மயிர்க்காலின் அடியில். அங்கே இரத்தக் குழாய்கள் உணவு கொண்டு வருகின்றன, புதிய செல்கள் பிறக்கின்றன, அவை இறுகி இழையாக மேலே வருகின்றன. ஒவ்வொரு மயிர்க்காலும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வேலை செய்யும். பிறகு சில வாரங்களில் சுருங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும். அதன்பின் பழைய முடி உதிர்ந்து புதியது முளைக்கும். நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இந்தச் சுழற்சியினால்தான். அது நோயன்று. இழை அறுந்தால் நட்டம் சிறிது. வேர் மறுபடியும் வளர்த்துக்கொள்ளும். வேரே கெட்டுவிட்டால் வளர்ப்பதற்கு யாரும் இல்லை.

ஒரு சிறு கணக்கு

முடியின் விட்டம் ஏறத்தாழ 70 மைக்ரான், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் என்று கொள்வோம். 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு முடியின் எடை சுமார் 1.5 மில்லிகிராம் என்று வரும். நீங்களே பெருக்கிச் சரிபார்க்கலாம். மயிர்க்கால் வழக்கமாகத் தாங்கும் சுமை இவ்வளவுதான்.

150 கிராம் எடையுள்ள சவுரியைப் பின்னலோடு சேர்த்துப் பின்னினால் அந்தச் சுமை தலைமுடி முழுவதற்கும் பங்கிடப்படுகிறது. ஒரு லட்சத்தால் வகுத்தால் ஒரு முடிக்கு 1.5 மில்லிகிராம். அதாவது முடி தன் எடையைப் போல் இன்னொரு மடங்கைச் சுமக்கிறது. எல்லா முடியும் சமமாகப் பங்கேற்பதில்லை என்பது உண்மை. ஆயினும் சில மணி நேரத்தில் சவுரி கழற்றப்பட்டுவிடும்.

நீட்டிப்பு முடியில் நடப்பது வேறு. 1 கிராம் எடையுள்ள ஒரு கொத்தை 50 முடிகளில் மட்டும் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு முடிக்கு 20 மில்லிகிராம் வருகிறது. இது அதன் சொந்த எடையைப் போல் 13 மடங்கு! அந்த 50இல் பத்து முடிகள்தாம் இறுகப் பிடித்திருக்கின்றன என்றால் ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிகிராம். குளித்தால் நீரின் எடை கூடுகிறது. படுத்துப் புரண்டால் கொத்து தலையணையில் மாட்டி இழுக்கிறது. சீப்பு சிக்கினால் இன்னும் பல மடங்கு.

ஆரோக்கியமான ஓர் இழை 50 கிராமுக்கும் மேல் தாங்குமே, 100 மில்லிகிராம் என்ன செய்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இழை அறுவதில்லை. கயிறு எவ்வளவு உறுதியானதாயினும், அதைக் கட்டிய இளஞ்செடியை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருந்தால் செடி வேரோடு ஆடிப்போகும் அல்லவா? மயிர்க்காலின் நிலையும் அதுதான்.

இழுவை முடியுதிர்வு

இடைவிடாத இழுப்பால் மயிர்க்காலைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. முடி உரிய காலத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய் உதிர்கிறது. அடுத்து வரும் முடி மெலிந்து வருகிறது. இழுப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மயிர்க்கால் இருந்த இடத்தில் தழும்புத் திசு உண்டாகி, அங்கே முடி முளைப்பதே நின்றுவிடும். இதனை மருத்துவர்கள் இழுவை முடியுதிர்வு என்பர்.

இந்நோயை முதன்முதலாக 1907இல் விவரித்தார்கள். முடியை இறுக இழுத்துக் குதிரைவால் போலக் கட்டிவந்த கிரீன்லாந்துப் பெண்களுக்கு நெற்றியோரம் முடி விலகிப்போனது அப்போது கவனிக்கப்பட்டது. நம் நாட்டில் தலைப்பாகைக்குள் முடியை இறுக்கிக் கொண்டையாக முடியும் சீக்கியர் சிலரிடமும் இது காணப்பட்டிருக்கிறது. ஆகவே குற்றம் நீட்டிப்பு முடியில் மட்டும் இல்லை. இடைவிடாத இழுப்பில் இருக்கிறது. நாள்தோறும் எண்ணெய் தடவி, நெற்றி இழுபட இறுக்கி இரட்டைப்பின்னல் போட்டுப் பள்ளிக்குச் சென்றாலும் இது வரக்கூடும். நெற்றியோரத்திலும் காதுக்கு முன்னாலும் உள்ள முடிதான் முதலில் பாதிக்கப்படும்.

இதன் முன்னறிகுறிகளை நீங்களே கண்டுகொள்ளலாம். பின்னலை அவிழ்த்ததும் தலைத்தோல் வலிப்பது, முடியின் அடியில் சிறு சிறு பருக்கள் தோன்றுவது, வகிடு அகன்றுகொண்டே போவது, நெற்றியோரத்தில் பூனைமுடி மட்டும் எஞ்சி அதன் பின்னால் வெற்றிடம் தெரிவது ஆகியவை அவை. இந்த நிலையில் இழுப்பை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப வளர்ந்துவிடும். தோல் வழவழவென்று மின்னத் தொடங்கிவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காட்ட வேண்டும். வெட்கப்பட்டு ரிப்பனால் மறைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நீட்டிப்பு முடியைக் கழற்றும்போது கை நிறைய முடி வந்து பயமுறுத்தும். அதில் பெரும்பகுதி நாள்தோறும் இயல்பாக உதிர்ந்தும், ஒட்டில் மாட்டிக்கொண்டு விழ வழியில்லாமல் தங்கிவிட்ட முடியே. அச்சம் வேண்டாம். ஆனால் அந்த உதிர்ந்த முடிகள் சிக்காகித் திரண்டு, உயிருள்ள வேர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தன என்பதை மறக்க வேண்டாம். பசையிலும் ஆபத்து உண்டு. ஒட்டும் பசையில் உள்ள ரப்பர்ப்பால் சிலருக்கு ஒவ்வாமை தரும். வீட்டுப் பொருள்களை ஒட்டும் பசையைத் தலையில் வைக்கவே கூடாது. 2021இல் அமெரிக்காவில் ஒரு பெண் அப்படிப்பட்ட பசையைத் தலையில் தெளித்துக்கொண்டு, கடைசியில் அறுவை மருத்துவர் ஒருவர் கரைப்பான் கொண்டு அதனை நீக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் செய்துகொள்ளும் முறை

அப்படியானால் ஆண்டு விழா நாடகத்துக்கும் அக்காள் திருமணத்துக்கும் நாம் அலங்காரம் செய்துகொள்ளக் கூடாதா? தாராளமாகச் செய்துகொள்ளலாம். சுருள்முடி வேண்டுமானால் தண்ணீரே போதும்.

கெராட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பிணைப்புகளில் இரு வகை முக்கியமானவை. கந்தக அணுக்களால் ஆன பிணைப்பு வலிமையானது. இரசாயனம் இட்டால்தான் விடும். ஹைட்ரஜன் பிணைப்போ மெல்லியது. நீர் பட்டாலே விட்டுவிடும், உலர்ந்ததும் மீண்டும் கூடும். எந்த வடிவத்தில் வைத்து உலர்த்துகிறோமோ அந்த வடிவத்திலேயே அது கூடிவிடும். எனவே முக்கால்வாசி உலர்ந்த முடியைச் சிறு சிறு பிரிவாக எடுத்து, பழைய பருத்தித் துணிக் கீற்றுகளில் தளர்வாகச் சுற்றி முடிந்துகொள்ளுங்கள். நன்றாக உலர்ந்தபின் அவிழ்த்தால் சுருள் நிற்கும். சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது இறுக்கிச் சுற்றக் கூடாது. ஈரமுடி அதிகமாக நீளும், வலிமையும் குறைவு. முடியை நேராக்கும் மின்கருவிகள் 200 டிகிரி செல்சியஸ்வரை சூடாகும். ஈரமுடியில் அதனை வைத்தால் இழைக்குள் உள்ள நீர் ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். அந்த இடத்தில் இழை ஒடியும்.

சாரல் காலத்தில் இந்தச் சுருள் நெடுநேரம் நிற்காது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்திலும் தென்காசியிலும் கடையத்திலும் வீசும் ஈரக்காற்றின் நீரை முடி உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகின்றன. முடி ஈரத்தை உறிஞ்சி நீளும் இந்தப் பண்பை வைத்தே ஜெனீவா விஞ்ஞானி சோசூர் 1783இல் முடி ஈரமானியைப் பற்றி எழுதினார். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு வரும்போது முடி சுமார் 2 சதவீதம் நீளும். சோப்பால் எண்ணெய் நீக்கிய 20 சென்டிமீட்டர் முடியை ஆணியில் கட்டி, அடியில் ஒரு சிறு கம்பிக் கிளிப்பைத் தொங்கவிட்டு, பின்னால் அளவுகோல் வைத்தால், வெயில் நாளுக்கும் சாரல் நாளுக்கும் உள்ள வேறுபாடு இரண்டொரு மில்லிமீட்டராகத் தெரியும்.

நீளமான பின்னல்தான் வேண்டும் என்றால் சவுரியே நல்லது. அதையும் முறையாகப் பயன்படுத்த வேண்டும். கனமில்லாத சவுரியாகத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் நாலைந்து முடியில் கட்டாமல், பிடரியில் முழுப் பின்னலோடும் சேர்த்துப் பின்னுங்கள். ஈரத்தலையில் வைக்காதீர்கள். விழா முடிந்ததும் கழற்றிவிடுங்கள், வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். நாள்தோறும் நாட்டியப் பயிற்சி செய்வோர் சவுரியை நிகழ்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சியின்போது தளர்ந்த பின்னலோடு ஆடலாம்.

இறுக்கம் அதிகமா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். பின்னி முடித்ததும் கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றியோரத் தோல் இழுபட்டு வலித்தால், பின்னியவர் யாராக இருந்தாலும் சரி, அவிழ்த்துத் தளர்வாகப் பின்னச் சொல்லுங்கள்.