தொய்வுக்கு எந்த ஊசி பலிக்கும்? இரத்த அறிக்கையைத் தோட்டத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் தொய்வு என்கிற ஆஸ்துமா புதிய வருத்தமல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் பறக்கும் தூசு இந்நோயைக் கொண்டுவரும் என்பதை, இலங்கை வைத்தியர் சி. ஜி. உறகொட 1970ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை ஒன்றில் எழுதியிருந்தார். லயன் அறைகளின் விறகுப் புகையும் ஈரச் சுவரும் அதனை மேலும் மோசமாக்குகின்றன.

பெரும்பாலானோருக்கு இன்ஹேலரை ஒழுங்காகப் பாவித்தாலே நோய் அடங்கிவிடும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், எவ்வளவு மருந்து எடுத்தாலும் மூச்சு முட்டல் திரும்பத் திரும்ப வரும். இத்தகைய கடும் ஆஸ்துமாவுக்கு இப்போது புதியவகை ஊசிகள் உள்ளன. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமலிசுமாப் அவற்றில் முதலாவது. மெபோலிசுமாப், டுபிலுமாப் ஆகியவை பின்னர் வந்தன. இவை விலை கூடியவை, எல்லோருக்கும் பலிப்பதுமில்லை. ஓமலிசுமாப் வேலை செய்கிறதா என்பதை அறியவே ஏறத்தாழ 16 வாரங்கள் பிடிக்கும். அதனால்தான், யாருக்கு எது பலிக்கும் என்பதை முன்கூட்டியே காட்டும் 'உயிர்க்குறிகாட்டிகளை' மருத்துவம் தேடுகிறது.

முக்கியமானவை மூன்று. முதலாவது, ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்புரதம். ஓமலிசுமாப் இதைத்தான் பிடித்துக் கட்டுகிறது. ஊசியின் அளவைத் தீர்மானிக்க ஐ.ஜி.ஈ. அளவும் உடல் எடையும் வேண்டும். ஆனால் ஐ.ஜி.ஈ. கூடியவருக்கு மருந்து கூடுதலாகப் பலிக்கும் என்பதற்கில்லை. இரண்டாவது, இரத்தத்திலுள்ள இயோசினோபில் என்ற வெண்கலம். மூன்றாவது, வெளிவிடும் மூச்சிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டு.

2013இல் வெளியான ஆய்வொன்றில், மூச்சில் இந்த வாயு கூடியவர்களிடம் ஓமலிசுமாப் கடும் தாக்கங்களை 53 வீதம் குறைத்தது; குறைந்தவர்களிடம் 16 வீதமே. இயோசினோபில் கூடியவர்களுக்கும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் 2018இல் வெளியான பிரான்ஸ் நாட்டு ஆய்வில், இயோசினோபில் கூடியவர், குறைந்தவர் இரு பிரிவினரிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தினர் பயனடைந்தனர். ஆகவே ஓமலிசுமாப் விடயத்தில் இயோசினோபில் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது. மெபோலிசுமாப் அப்படியல்ல, அதற்கு இந்த எண்ணே முதன்மையான வழிகாட்டி.

தோட்டத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் உண்டு. கொக்கிப்புழு, வட்டப்புழு போன்ற குடற்புழுக்களும் இயோசினோபிலையும் ஐ.ஜி.ஈ.யையும் உயர்த்தும். 2017இல் இலங்கைப் பாடசாலை மாணவரிடையே நடந்த தேசிய ஆய்வில் குடற்புழுத் தொற்று மொத்தத்தில் 0.97 வீதமாக இருந்தது. பெருந்தோட்டப் பாடசாலைகளிலோ 9.02 வீதம். மலசலகூட வசதியும் சுத்தமான நீரும் இல்லாததன் விலை இது. கொழும்பில் ஒருவரின் அறிக்கையில் ஆஸ்துமாவைக் காட்டும் அதே எண், தோட்டத்தில் ஒருவருக்குப் புழுவைக் காட்டக்கூடும்.

இதற்கு எதிர்மாறான தவறும் நேரலாம். மூச்சு முட்டும்போது கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் குளிசை இயோசினோபிலைக் கீழே தள்ளிவிடும். அந்த நாட்களில் இரத்தம் எடுத்தால், ஊசி பலிக்கக்கூடியவரும் 'பலிக்காதவர்' என்று ஒதுக்கப்படலாம். குளிசை முடிந்து ஒன்றிரண்டு வாரங்களின் பின் மீண்டும் பார்ப்பதே முறை.

இயோசினோபிலை அறியப் பெரிய கருவி தேவையில்லை. வைத்தியர் 'எஃப்.பி.சி.' என எழுதிக் கொடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனையே போதும். மொத்த வெண்கலம் 8,000, இயோசினோபில் 5 வீதம் என்றால், எண்ணிக்கை 400. உலக ஆஸ்துமா வழிகாட்டலின்படி 150இலிருந்தே அது கவனிக்கத்தக்கது.

எனவே அடிக்கடி மூச்சு முட்டுபவர்கள் பழைய இரத்த அறிக்கைகளை எறியாமல் ஒரு கொப்பிக்குள் வையுங்கள். கடைசியாகப் பூச்சி மருந்து எடுத்த திகதி, பிரெட்னிசொலோன் எடுத்த நாட்கள், தொழிற்சாலையில் செய்யும் வேலை ஆகியவற்றையும் குறித்து வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். குளிசைகளை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறீர்களா என்பதையும் தாதியிடம் ஒருமுறை செய்து காட்டுங்கள். கடும் ஆஸ்துமா எனக் கருதப்பட்ட பலருக்கு உண்மையில் குறை அங்கேதான் இருந்திருக்கிறது.