கடைக்கு ஒரு 12 வோல்ட் டி.சி. பெட்டி: செய்முறையும் பழுது பார்க்கும் முறையும்



காரைக்கால்மேட்டில் வியாபாரம் விடியுமுன்பே தொடங்கிவிடும். படகு கரை சேர்ந்ததும் ஏலம், எடை, ஐஸ் போடுவது, வண்டி ஏற்றுவது என்று எல்லாம் இருட்டிலேயே நடக்கின்றன. அந்த நேரத்தில் நமக்குத் துணை நிற்கும் எல்.இ.டி. விளக்கு, கண்காணிப்புக் கேமரா, இன்டர்நெட் பெட்டி ஆகியவற்றில் பல, சுவரில் வரும் 230 வோல்ட்டில் நேராக ஓடுபவை அல்ல. 12 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. இடையில் இருக்கும் அடாப்டர் போனால் அத்தனையும் நின்றுவிடும். பணம் வந்து சேர்ந்ததா என்று செல்போனில் பார்க்கக்கூட வழியிருக்காது.

கடையில் விற்கும் அடாப்டர் விலை குறைவு, எடையும் குறைவு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அது கெட்டால் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகிறது. பழைய முறையில் நாமே கட்டும் பெட்டியோ, எந்த உறுப்பு கெட்டாலும் அதை மட்டும் மாற்றி மீண்டும் ஓட்டக்கூடியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இப்பகுதியில் மின்சாரமும் போக்குவரத்தும் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அது போன்ற நாட்களில் கையில் இருப்பதைச் சரி செய்யத் தெரிந்தவருக்கே கடை திறந்திருக்கும்.

நான்கு உறுப்புகள், நான்கு வேலைகள்

முதலாவது டிரான்ஸ்ஃபார்மர். 230 வோல்ட்டை 15 வோல்ட்டாகக் குறைப்பது இதுவே. கடைக்காரரிடம் 15 வோல்ட், 1 ஆம்பியர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, நான்கு டயோடுகள் சேர்ந்த பாலம். முன்னும் பின்னும் ஓடும் ஏ.சி. மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்வது இதன் வேலை. போலந்து நாட்டு கரோல் பொல்லாக் என்பவர் 1896-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் மாறாமல் இருக்கிறது. 1 என் 4007 என்ற எண்ணுள்ள டயோடு போதுமானது.

மூன்றாவது கண்டன்சர். பாலத்திலிருந்து மின்சாரம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கி வருகிறது. அதைத் தேக்கிச் சமப்படுத்தும் தொட்டி இது. 2,200 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் என்று வாங்கவும்.

நான்காவது 7812 என்னும் ரெகுலேட்டர். உள்ளே வரும் மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் வெளியே 12 வோல்ட்டை மட்டும் அளந்து கொடுக்கும் கணக்குப்பிள்ளை இவர்.

12 வோல்ட்டுக்கு ஏன் 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்?

பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 7812 சரியாக வேலை செய்ய, உள்ளே குறைந்தது 14 வோல்ட்டாவது வர வேண்டும். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் உச்சம் சுமார் 17 வோல்ட். டயோடுகள் ஏறத்தாழ 1.4 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அரை ஆம்பியர் இழுத்தால் கண்டன்சரில் இன்னும் 2 வோல்ட் அளவுக்கு இறங்கும். மிச்சம் 14-க்கும் கீழே. மாலையில் எல்லோரும் விளக்கேற்றும்போது லைன் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் எழுந்திருந்தாலும், லைனின் கடைசியில் உள்ள கடைக்கு வோல்ட்டேஜ் குறையத்தான் செய்யும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 200 வோல்ட்டிலும் தாக்குப்பிடிக்கும்.

கட்டும் முறை

நான்கு டயோடுகளிலும் ஒரு முனையில் கோடு இருக்கும். இரண்டு டயோடுகளின் கோட்டு முனைகள் சேரும் இடம் பாசிட்டிவ். மற்ற இரண்டின் கோடில்லா முனைகள் சேரும் இடம் நெகட்டிவ். மீதியுள்ள இரண்டு சந்திப்புகளிலும் டிரான்ஸ்ஃபார்மரின் 15 வோல்ட் வயர்களைப் பற்றவைக்க வேண்டும். கண்டன்சரின் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது, மாறினால் வெடிக்கும். ரெகுலேட்டரின் எழுத்து நம்மைப் பார்த்திருக்க, இடது கால் உள்வரவு, நடுக்கால் நெகட்டிவ், வலது கால் 12 வோல்ட் வெளிவரவு. நடுக்காலுக்கும் மற்ற இரு கால்களுக்கும் இடையே, உள்வரவுப் பக்கம் 0.33, வெளிவரவுப் பக்கம் 0.1 மைக்ரோ ஃபாரட் சிறு கண்டன்சர்களை வைக்கவும். ரெகுலேட்டரை உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டில் திருகி முடுக்க வேண்டும்.

230 வோல்ட் பக்கம் 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். மூன்று பின் பிளக் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பையும் இரும்புப் பெட்டியையும் எர்த்தில் சேர்க்கவும். இந்தப் பெட்டி அரை ஆம்பியர் வரைக்குமே. கருவியின் முதுகில் ஒட்டிய சீட்டைப் படித்து, அதற்கு மேல் கேட்டால் மாட்ட வேண்டாம்.

பழுது எங்கே என்று பிடிப்பது

பேரேட்டில் கணக்கு இடித்தால் நடுவில் ஒரு பக்கத்தைக் கூட்டிப் பார்த்து, தப்பு அதற்கு முன்னா பின்னா என்று கண்டுகொள்கிறோம் அல்லவா? இங்கும் அப்படியே. மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து முதலில் கண்டன்சரின் இரு கால்களில் பார்க்கவும்.

அங்கே சுமார் 20 வோல்ட் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரும் பாலமும் நலம். பழுது ரெகுலேட்டரிலோ அதற்குப் பின்னாலோதான். வெளியே 12 வராமல் ரெகுலேட்டர் கொதித்தால் கருவியைக் கழற்றிப் பார்க்கவும். கழற்றியதும் 12 வந்தால் குற்றம் கருவியிலோ அதன் வயரிலோ. குளிர்ந்திருந்தும் ஒன்றும் வராவிட்டால் ரெகுலேட்டர் செத்துவிட்டது. வெளியேயும் 20 வோல்ட் காட்டினால் கருவியை உடனே பிரித்துவிடுங்கள். இல்லையேல் அதுவும் போய்விடும்.

கண்டன்சரில் 12, 13 வோல்ட்தான் இருந்து, விளக்கு நடுங்கினால், கண்டன்சர் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். தலை உப்பியிருந்தால் சந்தேகமே இல்லை. அங்கே ஒன்றுமே இல்லையென்றால் பிளக்கை உருவிவிட்டு ஃபியூஸையும், டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுற்றுகளையும் ஓம் அளவில் சோதிக்கவும். தொடர்பே காட்டாத சுற்று அறுந்த சுற்று. புது ஃபியூஸ் போட்டதும் எரிந்தால் டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டிப் பார்ப்பது கடைக்கு நாமே தீ வைப்பது போலாகும்.

கடற்கரைக்கு மட்டுமான எச்சரிக்கை

உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடிக்கும். உறுப்பெல்லாம் நலமாக இருந்தும் பெட்டி விட்டுவிட்டு ஓடினால் பற்றவைத்த இடங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளக்கை உருவி, ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, மீண்டும் ஈயம் பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூசவும். பெட்டியை ஐஸ் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டவும். ஈரத் தரையில் நின்று 230 வோல்ட் பக்கம் கை வைக்கவே கூடாது. மீன் கடைகளில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், அதை எலெக்ட்ரீஷியனைக் கொண்டே போட வேண்டும்.

எலெக்ட்ரானிக் தராசுக்கு இந்தப் பெட்டி ஆகாது. 6 வோல்ட் பேட்டரி உள்ள தராசில் 12 வோல்ட் கொடுத்தால் பேட்டரி கெடும். தராசைத் திறப்பதும் கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி முத்திரையிடப்பட்ட தராசைப் பிரித்துப் பழுது பார்த்தால், மறுபடி முத்திரையிட்ட பிறகே எடை போடலாம். அந்த வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுவதே முறை. வாடிக்கையாளர் நம்பிக்கை நம் முதலைவிடப் பெரிது.

நம் பிள்ளைகளில் ஒருவருக்காவது இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள். கடைக்கு ஒரு மல்டிமீட்டரும், மாற்றுக்கு ஒரு கண்டன்சர், நான்கு டயோடு, ஒரு 7812, சில ஃபியூஸ்களும் ஒரு சிறு டப்பாவில் இருக்கட்டும். விடியற்கால ஏலத்தில் விளக்கு அணைந்தால், கடையை மூடாமல் காப்பது அந்த டப்பாதான்.